அரிப்பைப் பழக்கம் என்று எண்ணினோம்

நாய் என்றால் சொறியத்தான் செய்யும். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு இதை நம்பி வாழ்ந்திருக்கிறோம். இரவெல்லாம் காதை உதறுவது, கால் விரல்களை நக்கி நக்கிச் செம்பட்டையாக்குவது, வாசற்படியில் முதுகைத் தேய்ப்பது, வாலடியைக் கடித்துக் குதறுவது எல்லாவற்றையும் அதன் சுபாவக் கணக்கில் எழுதிவிட்டோம். வேளைக்குச் சோறு வைத்தோம், தடுப்பூசி போட்டோம், பெயர் சூட்டிக் கொஞ்சினோம், பிறந்தநாளுக்குப் படம் எடுத்துப் போட்டோம். அந்தப் படத்திலேயே காதோரம் முடி கொட்டிய இடம் தெரிந்தது. நம் கண்ணில் படவில்லை. நாய் வளர்ப்பவர்கள், தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள், நாயைக் கண்டாலே ஒதுங்குபவர்கள், நாய்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் என நாம் எல்லோரும் சேர்ந்து செய்த தவறு இது. அன்புக்குக் குறைவில்லாத வீடுகளிலும் நடந்தது. அங்கே இல்லாமல் போனது கவனம்.

தோலைப் பற்றிய அறியாமையிலிருந்தே தொடங்க வேண்டும். முடி அடர்ந்திருப்பதால் நாய்த்தோல் முரட்டுத்தோல் என்று நினைத்துக்கொண்டோம். உண்மை நேர்மாறு. மனிதத் தோலின் மேலடுக்கில் உயிரணுக்கள் 10 முதல் 15 வரிசை வரை இருக்கும். நாய்க்கு முடி மூடிய இடங்களில் 3 முதல் 5 வரிசைதான். காக்கும் வேலையில் பெரும்பங்கு முடியுடையது. முடி கொட்டியதும் அந்த மெல்லிய தோல் வெயிலுக்கும் கொசுவுக்கும் தரையின் சூட்டுக்கும் நேராக ஆட்படுகிறது. அமில காரச் சமநிலையும் வேறு. நம் தோலின் பிஎச் அளவு 5.5-ஐ ஒட்டியது, நாய்க்கு 7-ஐ ஒட்டியது. நம் தலைக்குச் செய்த ஷாம்பு அதற்குப் பொருந்தாது. குளியல் சோப்பின் காரம் 9, 10 வரை போகும். குளியலறையில் எது கிடந்ததோ அதைப் போட்டுத் தேய்த்தோம். சில வீடுகளில் துணி சோப்பு. தோலின் எண்ணெய்ப்பசை போய், வறண்டு, செதில் உதிர, அதற்கும் பொடுகு என்று பெயர் வைத்து அதே சோப்பை மறுபடி போட்டோம்.

அரிப்பைக் கண்டபோதெல்லாம் நம்மிடம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருந்தன. ஒன்று, ‘உடம்புச் சூடு’. தயிர்ச்சோறு வைத்தால் அடங்கும் என்று காத்திருந்தோம். இன்னொன்று, ‘நாய் நக்கினா புண்ணு தானா ஆறிடும்’. இடைவிடாமல் நக்கும் இடம் ஈரமாகவே இருக்கும், ஈரத்தில் பாக்டீரியா பெருகும், அரிப்பு கூடும், கூடிய அரிப்புக்கு நாய் இன்னும் நக்கும். காலையில் ஒரு நாணய அளவு இருந்த ஈரப்புண் மாலைக்குள் உள்ளங்கை அளவாவது லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் வீடுகளில் பலரும் பார்த்தது. அதன் அடியில் ஒரு காதுப் புண்ணோ, ஒரு பூச்சிக்கடியோ, ஒவ்வாமையோ இருந்திருக்கும். நக்குவதைத் தடுக்கக் கழுத்தில் கோன் மாட்டச் சொன்னால் ‘பாவம்’ என்று கழற்றிவிட்டோம். அந்தப் பரிவுதான் புண்ணை வளர்த்தது.

உட்கார்ந்து கையால் தடவிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. வாலுக்குச் சற்று மேலே, இடுப்புப் பகுதியில் முடியை எதிர்ப்பக்கமாக விலக்கினால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியலாம். நனைத்த வெள்ளைப் பஞ்சில் அதை ஒற்றி எடுத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செந்துருநிறம் கசியும். பூச்சி குடித்துக் கழித்த நாயின் ரத்தம் அது. பூச்சியைக் கண்ணால் காணாவிட்டாலும் இந்தப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும், நாள்கணக்கில் வாலடியைக் கடித்துக்கொண்டிருக்கும். ‘எங்க நாய்க்குப் பூச்சியே இல்லை’ என்று டாக்டரிடம் சாதித்த நம்மில் எத்தனை பேர் முடியை விலக்கிப் பார்த்திருந்தோம்?

எந்த இடத்தில் சொறிகிறது என்பதே பாதித் துப்பு. வாலடியும் இடுப்பும் என்றால் தெள்ளுப்பூச்சி. காதுமடலின் விளிம்பு, முழங்கை, பின்னங்கால் கணு, வயிறு என்றால் சொறிப்பூச்சி. கால் விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, முகம், காது என்றால் தூசு, மகரந்தம் போன்றவற்றின் ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் என்றால் மலசீசியா என்ற ஈஸ்ட். அரிப்பே இல்லாமல் முடி மட்டும் மெலிந்துகொண்டு போனால் தைராய்டு சுரப்பியையும் பார்க்க வேண்டும். இவை துப்புகள்தான், முடிவு டாக்டருடையது. ஆனால் ‘எங்கே தொடங்கியது, எப்போது தொடங்கியது, எந்த மாதத்தில் கூடுகிறது’ என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இருக்கவில்லை. கூடவே வாழ்கிற நாம் சொல்லாவிட்டால் அவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

அடுத்த குற்றம், அவசரம். தோலை மேலாகச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது எளிய பரிசோதனை. அதற்குக்கூட நாம் பொறுக்கவில்லை. ‘ஒரு ஊசி போட்டு விட்ருங்க டாக்டர்’ என்றோம். ஸ்டீராய்டு ஊசி அன்றிரவே அரிப்பை அடக்கும். அடங்கியதைக் குணம் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். மூன்று வாரத்தில் மீண்டும் வந்தது, மீண்டும் ஊசி. சரியான இடத்தில், சரியான அளவில் ஸ்டீராய்டு நல்ல மருந்து. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் மெலியும், வயிறு தொங்கும், நாய் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும். பூஞ்சையும், மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சியும் தடையின்றிப் பெருகும். மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்கிய படைக் களிம்பைத் தடவியதும் இதே தவறுதான். அத்தகைய பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியதை நாய் நக்கி விழுங்கியும்விடும்.

சொறி என்று ஒரே சொல்லால் நாம் ஒதுக்கியது குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள். சார்கோப்டிஸ் என்ற பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். நாய்க்கு வரும் அரிப்புகளிலேயே கொடியது இது. தூங்க விடாது, தின்ன விடாது. காதுமடலின் விளிம்பை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிய எழும். டாக்டர்கள் முதலில் பார்க்கும் குறிகளில் அதுவும் ஒன்று. ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். நம் கையிலும் இடுப்பிலும் சிவந்த தடிப்புகளை உண்டாக்கும். ஆனால் மனிதத் தோலில் அந்தப் பூச்சியால் வம்சம் வளர்க்க முடியாது. நாய்க்குச் சிகிச்சை முடிந்தால் நமக்கும் அடங்கிவிடும். இது தெரியாமல் குழந்தைக்குத் தடிப்பு வந்த மறுநாளே நாயை வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. சில வாரச் சிகிச்சையில் தீரக்கூடிய ஒன்றுக்காக ஓர் உயிரை அனாதையாக்கினோம்.

டெமோடெக்ஸ் வேறு கதை. பிறந்த முதல் சில நாள்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வரும் பூச்சி இது. எல்லா நாய்களின் மயிர்க்கால்களிலும் கொஞ்சம் இருக்கும், தொல்லை தராது. நோயெதிர்ப்பு தளர்ந்தால் பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டும். நமக்குத் தொற்றாது. குட்டிகளில் ஓரிரு இடங்களில் மட்டும் வந்தால் பெரும்பாலும் தானே மறையும். உடல் முழுக்கப் பரவினால் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். அப்படிப் பரவும் போக்கு பரம்பரையாக வரும் என்பதால் அந்த நாயை இணைசேர்க்கக் கூடாது. இங்கேதான் நம் பெருமை நம்மைத் தலைகுனிய வைக்கிறது. 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியானபோது மகிழ்ந்தோம். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய்களின் பெயரை உரக்கச் சொல்கிறோம். குட்டி விற்கும்போது தாய்க்கும் தகப்பனுக்கும் தோல் எப்படி இருந்தது என்று விற்பவர்கள் சொல்லவில்லை, வாங்குபவர்களும் கேட்கவில்லை.

கைமருந்து என்ற பெயரில் செய்தவற்றைச் சொல்லவே கூசுகிறது. மெக்கானிக் ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயிலைச் சொறி பிடித்த நாயின் மேல் ஊற்றினோம். பூச்சி மூச்சுமுட்டிச் சாகும் என்றார்கள். அந்த ஆயிலில் கலந்திருந்த உலோகத் துகள்களும் பெட்ரோலியக் கழிவும் வெடித்த தோல் வழியாகவும் நக்கும் நாக்கு வழியாகவும் நாயின் உடம்புக்குள் போயின. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவினோம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நாய்க்கு வலிப்பு வரும். உண்ணிக்கு எறும்புப்பொடி தூவினோம். எச்சில் ஒழுகி உடம்பு நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் அது பூச்சிக்கொல்லி என்பது நினைவுக்கு வந்தது. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் புண்ணில் ஊற்றினோம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை எடை பாராமல் போட்டோம். கோலி போன்ற இனங்களில் எம்டிஆர்1 என்ற மரபணு பழுதாகியிருந்தால் அந்த மருந்து மூளைக்குள் நுழைந்து நஞ்சாகும் என்பதை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-லேயே கண்டு சொல்லிவிட்டார்கள். வேப்பிலை வேகவைத்த நீர் இவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் அது போதும் என்று நம்பிச் சிகிச்சைக்குரிய வாரங்களை வீணாக்கினோம்.

நல்ல மருத்துவம் கிடைத்தபோதும் அதைப் பாதியில் விட்டோம். நம் தவறுகளில் மிகப் பரவலானது இதுதான். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னார்கள். நுரை வந்ததும் கழுவினோம். வாரம் ஒருமுறை என்றால் நினைவு வந்தபோது குளிப்பாட்டினோம். டெமோடெக்ஸுக்கு, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளில் அடுத்தடுத்துப் பூச்சி இல்லை என்று தெரியும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது. முடி முளைத்ததைப் பார்த்ததும் நிறுத்தினோம். மாத்திரைப் பட்டையின் மீதி அலமாரியில் கிடந்தது. நோய் திரும்பியபோது ‘மருந்து சரியில்லை’ என்றோம்.

நாய்க்கு மருந்து போட்டு, வீட்டைக் கவனிக்காமல் விட்டதும் அதே வகைதான். ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைவரை இடும்; அவை நாயின் உடம்பில் நிற்காமல் உதிர்ந்து, படுக்கும் சாக்கிலும் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கும். நம் ஊர்களில் அதிகம் காணும் பழுப்பு நாய் உண்ணி வயிறு நிறைந்ததும் இறங்கிப்போய்ச் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்போடு உண்ணிக் காய்ச்சலையும் கொண்டுவரும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைப்பதும், விரிசலைப் பூசுவதும், வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அததற்கு உரிய மருந்தை ஒரே நேரத்தில் கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிகள். தரை துடைக்கும் பினாயிலும் கவனிக்க வேண்டியதே. காயாத தரையில் வயிறு பதித்துப் படுக்கும் நாய்க்கு வயிற்றிலும் பாதத்திலும் தோல் சிவப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

உணவிலும் நம் பாசம் குறுக்கே வந்தது. 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான ஆய்வில், உணவு ஒவ்வாமை தந்தவற்றில் முதல் நான்கு இடங்களில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை வந்தன. நம் வீட்டு நாயின் தட்டில் பாலும் பிஸ்கட்டும் கோழியும்தான். கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவை ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்து சோதிப்பது. டாக்டர் சொன்ன இந்த எட்டு வாரத்தை நம்மில் மிகச் சிலரே முடித்தோம். யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட்டை நீட்டிவிடுவார். சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

ஆசைக்கு வாங்கிய இனங்களிடமும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2003-ல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடிய பக் நாய் நம் எல்லோரையும் கவர்ந்தது. முகமடிப்புகளைத் தினமும் துடைத்து உலர்த்தாவிட்டால் உள்ளே புண்ணாகும் என்பதைக் கேட்காமலே வாங்கினோம். பனிநாட்டு ஹஸ்கியைச் சென்னையின் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்த இரட்டைமுடி நாயை மேலாகத் துடைத்துவிட்டு, உள்முடி ஈரமாகவே கிடக்க விட்டோம். கழுத்துப்பட்டை நனைந்தபடியே கிடந்து அதனடியில் தோல் அழுகியதும் நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் மேலாக, தெருவில் நாம் விட்டுவைத்திருக்கும் வேதனை. தோல் தடித்துச் சாம்பல் பூத்து, கண் ஒட்டி, நிழலில் ஒடுங்கிக் கிடக்கும் நாயை வெறிநாய் என்று கல்லெறிந்தோம். சொறி வெறிநோய் ஆகாது. இரண்டும் வேறு வேறு. 2001-லும் பிறகு 2023-லும் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளைப் பற்றியும், கடித்த கணக்கைப் பற்றியும் நாம் பேசாத நாளில்லை. எழுதுகிறவர்களும் அவ்வளவோடு நின்றோம். கருத்தடைக்காகப் பிடித்துச்செல்லும் நாயின் தோலுக்கும் அன்றே மருந்து கொடுங்கள் என்று எத்தனை குடியிருப்போர் சங்கங்கள் கேட்டன? தெருநாயைப் பிடித்துக் குளிப்பாட்ட முடியாது என்பது இன்று சாக்காகாது. ஃப்ளூராலனர் போன்ற மருந்துகள் மாத்திரையாக வருகின்றன. ஒன்று 12 வாரம்வரை தெள்ளுக்கும் உண்ணிக்கும் எதிராக நிற்கும், இரண்டு வகைச் சொறிக்கும் பலன் தரும். எடைக்கேற்ற அளவையும் வலிப்பு நோய் உண்டா என்பதையும் பார்த்து டாக்டர் எழுதித்தர வேண்டும். விலை கூடுதல்தான். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்தால் கட்டாத விலை அல்ல.

மருத்துவம் எட்டாத தூரத்திலும் இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் தோல்நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஊர்ப்புறத்து அரசுக் கால்நடை மருந்தகம் ஆடு மாட்டுக்கு மட்டும் என்று நாமாக முடிவுகட்டி அந்தப் படியை மிதிக்காமல் இருந்தோம். சில ஒவ்வாமைகள் ஆயுளுக்கும் தீராது என்பதும் உண்மை. அவற்றையும் அடக்கி வைக்க முடியும். அரிப்பைத் தூண்டும் உட்சமிக்ஞையைத் தடுக்கும் ஓக்லசிடினிப் என்ற மருந்து 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கும் டாக்டர்கள் எழுதித்தருகிறார்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதோ மிக எளிது. நடந்து வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தலாம். வெந்நீர் அரிப்பைக் கூட்டும் என்பதால் சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டி, சோப்பு நிற்காமல் அலசி, விரலிடுக்குவரை துவட்டலாம். மீன் ஒத்துக்கொள்ளும் நாய்க்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள்ளெடுத்த மத்தி கொடுக்கலாம். அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு வலு, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

வாரத்தில் ஒருநாள் காதிலிருந்து வாலடிவரை கையால் தடவிப் பார்ப்போம். புதிதாகச் சிவந்த இடத்தைத் தேதியோடு குறித்துவைப்போம். டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றால் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்போம். தெருவில் சொறியோடு அலையும் நாய்க்கு யார் மருந்து வாங்குவது, எந்தச் சோற்றில் வைப்பது, யார் கணக்கு வைப்பது என்று பக்கத்து வீட்டாரோடு பேசி முடிப்போம். முடி முளைத்ததும் நாமாக நிறுத்தாமல், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை மருந்தைத் தொடர்வோம்.